கடல் நடுவே ஆறு கற்குடில்கள்

இப்பகுதியைத் தொடர்ந்து படித்துவரும் அன்பர்கள் சங்கக் கூட்டங்களில் என்னைக் காணும்போதெல்லாம், “அயர்லாந்து சென்று வந்தீரே, அதைப்பற்றி ஒரு வரியும் எழுதவில்லையே?” என்று கேட்பது வழக்கமாகிவிட்டது. எழுதாமைக்குக் காரணம் சோம்பல் அன்று. எதைக் காண வேண்டுமென்று புறப்பட்டேனோ, அதை நான் காணவில்லை. காணாததைப்பற்றி எழுதுவது எங்ஙனம் என்ற தயக்கமே காரணம். இனியும் தயங்கினால் நினைவு மங்கிவிடும் என்று அஞ்சி இம்மாதம் எழுதத் துணிந்தேன்.

என் மகள் டப்ளின் நகரில் மருத்துவத் தாதியாகப் பணிபுரிகிறாள். அவள் அழைப்பின்பேரில் நானும் என் மனைவியும் ஒரு ஜூன் மாதத்தில் அங்குச் சென்றோம். “எதைப் பார்க்க வேண்டும், அப்பா?” என்று அவள் கேட்டபோது, “ஸ்கெல்லிக் மைக்கேல்” என்றேன். அவளுக்குச் சிரிப்பு வந்தது. ‘ஸ்டார் வார்ஸ்’ திரைப்படத்தின் காட்சிகளை 2014ஆம் ஆண்டில் அத்தீவில் எடுத்தனராம். அன்று முதல் இளைஞர் கூட்டம் அங்குச் செல்லத் துடிக்கிறதாம். அந்தத் திரைப்படத்தின் பெயரையே நான் அன்றுதான் அறிந்தேன்.

அயர்லாந்தின் தென்மேற்குக் கோடியில் கெர்ரி மாவட்டம் உளது. அதன் கரையிலிருந்து ஏறத்தாழ 12 கிலோமீட்டர் தொலைவில், அட்லாண்டிக் மாகடலினின்று இரு கூர்மையான பாறைகள் எழுகின்றன. பெரியது ஸ்கெல்லிக் மைக்கேல். அதன் உயரம் 218 மீட்டர். மண் அருகியும் பாறை மிகுந்தும் காணப்படும் அத்தீவில், 6ஆம் நூற்றாண்டுக்கும் 8ஆம் நூற்றாண்டுக்கும் இடைப்பட்ட காலத்தில், கிறித்தவத் துறவிகள் சிலர் ஒரு மடம் அமைத்தனர். கடல்மட்டத்திலிருந்து 180 மீட்டர் உயரத்தில், தேன்கூட்டைக் கவிழ்த்தாற் போன்ற ஆறு குடில்களும் இரண்டு சிறிய தொழுகைக் கூடங்களும் இன்றும் நிற்கின்றன. கீழேயிருந்து அவற்றை அடைய அறுநூற்றுக்கு மேற்பட்ட கற்படிகளை ஏற வேண்டும். அப்படிகளையும் துறவிகளே அடுக்கினர்.

குடில்கள் கட்டப்பட்ட முறையே முறை! சுண்ணாம்பு இல்லை, சாந்து இல்லை, மரச்சட்டமும் இல்லை. கல்லின்மேல் கல். ஒவ்வொரு வரிசையையும் கீழ்வரிசையைவிடச் சிறிது உள்தள்ளி வைத்துக்கொண்டே போனால், உச்சியில் எஞ்சும் சிறு துளையை ஒரே பலகைக்கல்லால் மூடிவிடலாம். கற்களை வெளிப்புறமாகச் சற்றே சாய்த்து வைத்தமையால் மழைநீர் உள்ளே கசியாமல் வழிந்தோடும். வெளியே வட்டம்; உள்ளே சதுரம். ஆயிரம் ஆண்டுகளுக்கு மேலாக அட்லாண்டிக் புயல் மோதியும் அவை அசையவில்லை. நாம் குடியிருக்கும் அடுக்குமாடிக் கட்டடத்தில் ஐந்தே ஆண்டுகளில் கூரை ஒழுகத் தொடங்கியதை இங்கு நினையாதிருக்க முடியவில்லை.

குடிக்க மழைநீரைத் தொட்டிகளில் தேக்கினர். சிறு தோட்டம் ஒன்று போட்டனர். மீனும் கடற்பறவைகளும் அவற்றின் முட்டைகளும் உணவாயின. இத்தனை ஒதுங்கியிருந்தும் உலகம் அவர்களை விடவில்லை. வடகடற் கொள்ளையர் 824ஆம் ஆண்டளவில் வந்து ஏட்கல் என்னும் துறவியைப் பிடித்துச் சென்றனர் என்றும், அவர் பசியால் மாண்டார் என்றும் அயர்லாந்தின் பழைய ஆண்டுக்குறிப்பு கூறுகின்றது. கொள்ளையிடப் பொன் இல்லாத பாறையில் மனிதனையே கொள்ளைப் பொருளாக்கினர் போலும். 12, 13ஆம் நூற்றாண்டுகளில் கடல் மேலும் கொந்தளிப்பாயிற்று. திருச்சபையின் ஒழுங்குமுறையும் மாறிற்று. துறவிகள் தீவை நீங்கிக் கரையிலுள்ள பாலின்ஸ்கெல்லிக்ஸ் என்னும் ஊரில் மடம் அமைத்தனர். யுனெஸ்கோ நிறுவனம் 1996ஆம் ஆண்டில் இத்தீவை உலக மரபுச் சின்னமாக ஏற்றது.

இவற்றையெல்லாம் நான் கண்டதுபோல் எழுதுகின்றேனே தவிர, கண்டேன் அல்லேன். போர்ட்மகீ என்னும் சிறு துறையில் மூன்று நாள் காத்திருந்தோம். ஒவ்வொரு நாட் காலையிலும் படகோட்டி கடலை நோக்குவார், எங்களை நோக்குவார், தலையை அசைப்பார். அலை அடங்கினால்தான் தீவில் கால் வைக்க இயலும். மூன்றாம் நாள் மேகம் விலகியபோது, கரைமேட்டில் நின்று அப்பாறையைத் தொலைவிலிருந்து கண்டோம். கருநிறக் கோபுரம் ஒன்று பாதி மூழ்கியதுபோல் தோன்றிற்று. “இதற்காகவா இவ்வளவு தூரம்?” என்று என் மனைவி கேட்கவில்லை. அது அவளுடைய பெருந்தன்மை.

துறவிகள் ஏன் அவ்விடத்தைத் தேடினர்? எகிப்து நாட்டின் பாலைவனத்தில் தனித்து வாழ்ந்த பழைய கிறித்தவத் துறவிகளே அவர்களுக்கு முன்மாதிரி. அயர்லாந்திலோ பாலைவனம் இல்லை. எங்கு நோக்கினும் பசுமையும் மழையுமே. ஆகவே தீவையும் காட்டையும் சதுப்பு நிலத்தையும் பாலையாக எண்ணிக்கொண்டனர். பாலை என்று பொருள்படும் இலத்தீன் சொல்லினின்று பிறந்த ‘டிஸர்ட்’ என்ற பெயர் அந்த ஈர நாட்டின் பல ஊர்களுக்கு இன்றும் வழங்குகின்றது.

இன்னொன்றும் உண்டு. பண்டை அயர்லாந்தில் ஒருவனுக்குச் சுற்றமும் நிலமுமே காப்பு. அவற்றை விட்டு நீங்குவது உயிரை விடுவதற்கு அடுத்தபடி. அதனால்தான் பிறந்த மண்ணைத் துறத்தலையே பெருந்தவமாகக் கொண்டனர். கொலம்பா என்பவர் 563ஆம் ஆண்டில் கடல் கடந்து ஸ்காட்லாந்தின் அயோனாத் தீவில் மடம் நிறுவினார். கொலம்பானஸ் என்பவர் பிரான்சு நாட்டில் மடங்கள் அமைத்து, இத்தாலியில் பொப்பியோ என்னும் இடத்தில் 615ஆம் ஆண்டில் மறைந்தார். வேலைக்கான ஆணையைக் கையில் வைத்துக்கொண்டு கிராண்ட் டிரங்க் எக்ஸ்பிரஸ் வண்டியில் ஏறி டில்லி வந்த நம்மைத் துறவி என்று யாரும் சொல்லார். ஆயினும் ‘ஊரைவிட்டு வருதல்’ என்பதை ஒரு மக்கள் கூட்டம் அவ்வளவு பெரிதாக மதித்தது என்று படித்தபோது எனக்குச் சிறிது ஆறுதலாக இருந்தது.

தீவு கிட்டாவிடினும் நிலம் கிட்டிற்று. உரோமர் ஆட்சிக்கு உட்படாத அயர்லாந்தில் முற்காலத்தில் நகரங்கள் இல்லை. மடங்களே நகரங்கள்போல் வளர்ந்தன. கோயில், கல்லறை, பட்டறை, துறவிகளின் இருப்பிடம் அனைத்தையும் சூழ வட்டமாக மண்மேடு எழுப்பினர். மேடு பல இடங்களில் கரைந்துவிட்டது, வட்டம் கரையவில்லை. வேலியும் சாலையும் காரணமின்றி வளைந்து செல்லும் இடங்களில் பழைய மடத்தின் எல்லை ஒளிந்திருக்கும். ஆர்மா நகரின் தெருக்களே அவ்வாறு வளைந்து செல்கின்றன. ஊர்ப்பெயர்களும் சான்று கூறும். ‘கில்’ என்று தொடங்கும் பல பெயர்களில் உள்ளது கோயிலைக் குறிக்கும் ‘கில்’ என்னும் ஐரிஷ் சொல். கில்டேர் என்பதற்குக் கருவாலி மரத்துக் கோயில் என்பது பொருள். பிரிஜிட் அம்மையார் மடம் அமைத்த இடம் அது.

ஷானன் ஆற்றங்கரையில் கிளான்மக்நாய்ஸ் மடத்தைக் கண்டோம். கியாரான் என்பவர் 6ஆம் நூற்றாண்டின் நடுவில் அதை நிறுவினார். சிறிது காலத்துக்குள் கொள்ளைநோயால் இளமையிலேயே மறைந்தார். ஆறும், நாட்டைக் குறுக்கே கடக்கும் மேட்டுச்சாலையும் கூடும் இடமாதலால் மடம் செழித்தது. அரசர்கள் அங்கே அடக்கம் செய்யப்பட விரும்பினர். 10ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஒரே மணற்கல்லில் செதுக்கப்பட்ட, நான்கு மீட்டர் உயரச் சிலுவை ஒன்று அங்குண்டு. விவிலியக் காட்சிகள் அதன் நாற்புறமும் நிறைந்துள்ளன. மழைக்கு அஞ்சி மூலச் சிலுவையை உள்ளே வைத்து, அதன் படியை வெளியே நட்டிருக்கின்றனர். அங்குள்ள நூற்றுக்கணக்கான கல்லறைப் பலகைகள் பலவற்றில், பெயரும் ‘இவருக்காக வேண்டிக்கொள்க’ என்னும் தொடருமே காணப்படுகின்றன. மடத்தை 1552ஆம் ஆண்டில் ஆங்கிலப் படையினர் சூறையாடினர்.

வட்டக் கோபுரங்களைப் பற்றிச் சொல்லாவிட்டால் கட்டுரை நிறையாது. கிளென்டலாக் பள்ளத்தாக்கிலுள்ள கோபுரம் 30 மீட்டர் உயரம்; வாயிலோ தரையினின்று மூன்றரை மீட்டர் மேலே! இவை மணிக்கூண்டுகள் என்று பழைய ஏடுகள் தெளிவாகக் கூறியும், பிற்காலத்தார் கற்பனையை ஓடவிட்டனர். ஹென்றி ஓபிரையன் என்பவர் 1834ஆம் ஆண்டில் வெளியிட்ட நூலில், இவற்றுக்கும் கீழ்த்திசைப் பௌத்தர்களுக்கும் முடிச்சுப் போட்டார். ஜார்ஜ் பெட்ரி 1845ஆம் ஆண்டு நூலில் சான்றுகளை அடுக்கிக் கிறித்தவ மணிக்கூண்டுகளே என நிறுவினார். நம் பெருமைக்குரிய செய்தியாயினும் பொய்யைப் பொய் என்று விடுதலே நேர்மை. மெய்யான தொடர்பு வேறொன்று உண்டு. திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணம் எழுதிய கால்டுவெல் 1814ஆம் ஆண்டில் பிறந்தது ஆந்த்ரிம் மாவட்டத்தில். அம்மாவட்டத்தின் ஆந்த்ரிம் நகரிலும் ஒரு வட்டக் கோபுரம் நிற்கின்றது.

கடைசியாகக் கெர்ரியின் டிங்கிள் தீபகற்பத்தில் இரண்டு இரவு தங்கினோம். கவிழ்த்த படகு போன்ற கேலரஸ் என்னும் கற்கோயில் அங்குளது. அன்று பெய்த மழையில் அதனுள்ளே நின்றோம். ஒரு துளியும் விழவில்லை. நாங்கள் தங்கிய வீட்டுக்காரர் எண்பது வயது முதியவர். மறுநாட் காலையில் தம் நிலத்துக்கு அருகில் ஓர் இடத்தைக் காட்டினார். சிதைந்த பழங்கோயிலின் வட்டச் சுவர். உள்ளே புல்லும், சிறு சிறு கற்களும், இடையிடையே வெண்ணிறக் கூழாங்கற்களும். பெயர் எழுதிய கல் ஒன்றும் இல்லை.

அதன் பெயர் ‘கில்லீன்’. சிறு கோயில் என்பது பொருள். திருமுழுக்குப் பெறுமுன் இறந்த குழந்தைகளுக்குத் திருநிலைப்படுத்தப்பட்ட கல்லறைத் தோட்டத்தில் இடமில்லை என்பது அக்காலத்துச் சபை விதி. பெற்றோர் என்ன செய்வர்? பழைய துறவிகள் விட்டுச்சென்ற, வழிபாடு நின்றுபோன கோயில் நிலங்களைத் தேடினர். தந்தையோ உறவினரோ, சூரியன் மறைந்தபின் சிறு பெட்டியைச் சுமந்து சென்று புதைத்து வருவர். இத்தகைய இடங்கள் அயர்லாந்தில் ஆயிரத்துக்கு மேற்பட்டவை. 20ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரை வழக்கம் இருந்தது. ஸ்கெல்லிக் தீவிலும் இரு குழந்தைகளின் கல்லறை உண்டு. 1868, 1869ஆம் ஆண்டுகளில் இறந்த, கலங்கரை விளக்கக் காவலர் ஒருவரின் பிள்ளைகள் அவர்கள். அவர்களுக்குப் பெயர் பொறித்த கல்லேனும் உண்டு. அத்தகைய குழந்தைகள் மீட்படைவர் என நம்ப இடமுண்டு என்று வத்திக்கானின் இறையியல் குழு 2007ஆம் ஆண்டில் ஓர் அறிக்கை வெளியிட்டது. “என் தாய் அதற்கு முன்பே போய்விட்டாள்” என்றார் முதியவர். அவருடைய தங்கை அங்கே இருக்கிறாள். எந்தக் கல்லின் கீழ் என்பது அவருக்குத் தெரியாது. தந்தை சொல்லவில்லை; அவர் கேட்கவுமில்லை. ஆயினும் அந்நிலத்தில் இன்றுவரை யாரும் ஏர் ஓட்டியதில்லை.

நேயர்களுள் மூத்தவர் சிலர் அறிவர்: எங்கள் முதற்குழந்தை 1976ஆம் ஆண்டில் பிறந்து மூன்று நாளே இருந்தது. டில்லிக்கு வந்து ஓராண்டுகூட ஆகாத காலம். அலுவலக நண்பர் இருவர் துணைவர, யமுனைக் கரை மணலில் நானே வைத்துவிட்டு வந்தேன். 1978ஆம் ஆண்டுப் பெருவெள்ளத்துக்குப் பின் கரையே உருமாறிவிட்டது. எந்த இடம் என்று என் மனைவி என்னை ஒருநாளும் கேட்டதில்லை, நானும் சொன்னதில்லை.

முதியவர் தொப்பியைக் கழற்றிக்கொண்டு சிறிது நேரம் நின்றார். என் மகள் தன் தாயையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தாள். என் மனைவி சுவரோரம் கிடந்த வெண்கல் ஒன்றைக் குனிந்து எடுத்து, முந்தானையால் ஈரத்தைத் துடைத்து, புல்லின்மேல் வைத்தாள். பிறகு, “அது எந்தப் பக்கம்? பாலத்துக்கு மேற்கேயா, கிழக்கேயா?” என்று என்னிடம் கேட்டாள்.

“கிழக்கே” என்றேன்.