முப்பது ஏக்கருக்கு ஒரு மாடு, அந்த மாட்டுக்கு யாரு?

மாட்டுப் பொங்கல் அன்னைக்கு எங்க ஊர் மாட்டுக் காப்பகத்தில் நிற்க இடமில்லை. குளிப்பாட்ட, பொட்டு வைக்க, படம் எடுக்க என்று ஒரே கூட்டம். ஆளாளுக்கு ஒரு உருண்டை சர்க்கரைப் பொங்கல் ஊட்டிவிட்டுப் போனார்கள். சாயங்காலம் இரண்டு மாடுகளுக்கு வயிறு உப்பிவிட்டது. சோறு அளவுக்கு மீறிப் போனால் அசைபோடும் வயிற்றில் புளித்துப் போகும் என்பது மாடு வளர்த்த வீட்டில் எல்லோருக்கும் தெரிந்ததுதான். இப்போது மாடு வளர்த்த வீடுதான் குறைந்துவிட்டது.

அதற்கு முந்தைய ஐப்பசி மழையில் நடந்ததையும் சொல்ல வேண்டும். ஒரு கிழட்டுப் பசு படுத்துவிட்டது. படுத்த மாட்டை ஒரே பக்கமாக விட்டால் கால் மரத்துப்போகும், புண் வரும். சில மணி நேரத்துக்கு ஒரு தடவை புரட்டிப் போடணும். அதுக்கு நாலு பேர் வேணும். இருந்தது ரெண்டு பேர். மூன்றாம் நாள் விடியற்காலை அது போய்விட்டது. பொங்கலுக்கு வந்தவர்களில் பாதிப் பேருடைய போன் நம்பர் எங்களிடம் இருந்தது. கூப்பிட்டோம், வரவில்லை. அவர்களைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. அன்பை நம்பிக் கொட்டகை போட்டது எங்கள் தப்பு. முறை வைத்திருக்க வேண்டும்.

இங்கே இருப்பவை பால் வற்றிய பசுக்கள், டிராக்டர் வந்த பிறகு வேலையில்லாமல் போன உம்பளாச்சேரிக் காளைகள், கடைத்தெருவில் பிளாஸ்டிக் தின்று திரிந்த இரண்டு கிடேரிகள். சம்பள ஆள் கிடையாது. ஊர்க்காரர்கள் சிலர், படிக்கிற பிள்ளைகள் சிலர், இயற்கை விவசாயம் செய்கிற நாங்கள் சிலர்.

தயவு தாட்சண்யம் இல்லாமல் ஒரு கணக்குச் சொல்கிறேன். ஒரு நாட்டுமாடு இருந்தால் 30 ஏக்கர் விவசாயம் பார்க்கலாம் என்கிறார் சுபாஷ் பாலேக்கர். ஏக்கருக்கு மாதம் ஒருமுறை 200 லிட்டர் ஜீவாமிர்தம். அதற்கு 10 கிலோ சாணி. மாடு ஒரு நாளில் போடுவது ஏறக்குறைய அவ்வளவுதான். முப்பது நாள், முப்பது ஏக்கர். கணக்கு சரி. நம் கூட்டங்களில் இதைக் கேட்டுக் கை தட்டாதவர் இல்லை. ஆனால் நம்மில் பெரும்பாலோர் வைத்திருப்பது இரண்டு, மூன்று ஏக்கர். அப்படியானால் அந்த ஒரு மாட்டின் சாணியில் பத்துப் பன்னிரண்டு குடும்பம் பிழைக்கிறது. மாடு கட்டியிருப்பது ஒரு வீட்டில். மற்ற வீடுகள் வாளியோடு வருகின்றன.

எங்கள் காப்பகத்துக்கும் அப்படித்தான் வருகிறார்கள். "கோமியம் இருக்கா? சாணி ஒரு சட்டி குடுங்க, மீன் அமிலம் தீர்ந்துபோச்சு." கொடுக்கிறோம். போகும்போது உண்டியலில் இருபது ரூபாய் போடுவார்கள். மனசு நல்ல மனசுதான். ஆனால் மாடு இருபது ரூபாயைத் தின்னாது.

அது தின்பது ஒரு நாளைக்கு ஏழு கிலோ வைக்கோல் என்று வையுங்கள். வருஷத்துக்கு இரண்டரை டன். குட்டை ரக நெல்லை மிஷினில் அறுத்து, மிதிபட்டு, மழையில் நனைந்தது போக ஒரு ஏக்கரில் மிஞ்சும் வைக்கோல் ஒரு மாட்டுக்கு வருஷம் முழுக்க வராது. (மாப்பிள்ளைச் சம்பா போட்டவர் வயலில் நெஞ்சு உயரம் நிற்கிறதே, அந்த வைக்கோலின் அருமை கொட்டகையில் நின்றால்தான் புரியும்.) வெறும் வைக்கோல் போட்டால் எலும்புதான் தெரியும். பசும்புல், தவிடு, கொஞ்சம் புண்ணாக்கு எல்லாம் தனி.

அதனால் இந்த வருஷம் இரண்டு விஷயம் மாற்றினோம். முதலாவது, சாணிக்குக் காசு வாங்குவதில்லை; வைக்கோலும் வேலையும்தான். வாய்க்காலில் முறை வைத்துத் தண்ணீர் பாய்ச்சுகிறோம் இல்லையா, அதே மாதிரி ஒவ்வொரு குடும்பத்துக்கும் வாரத்தில் ஒரு காலை. கொட்டகை கூட்டி, தண்ணி காட்டி, யாருக்காவது கழிச்சலா என்று பார்த்துவிட்டு, சாணியை எடுத்துக்கொண்டு போகலாம். வந்தவர்களுக்கு இன்னொரு லாபமும் உண்டு. எந்த மாட்டுக்கு என்ன ஊசி போட்டது என்று தெரியும். குடற்புழுவுக்கு ஐவர்மெக்டின் போட்டால் அது சாணி வழியாக வெளியே வந்து சாணி வண்டைக் கொல்லும். அந்தச் சாணியை வயலுக்கு எடுக்காமல் சில வாரம் தனியாகக் குவிக்கிறோம். வாளியோடு வந்து போனவருக்கு இது எங்கே தெரியப்போகிறது?

இரண்டாவது விஷயம் கசப்பானது. வைக்கோல் இருக்கிற அளவுக்குத்தான் மாடு. அதற்கு மேல் வந்தால் "இல்லைங்க" என்று சொல்கிறோம். போன மாசம் ஒரு பெரியவர் கிழட்டுக் காளை ஒன்றை ஆறு கிலோமீட்டர் நடத்தியே கூட்டி வந்தார். "ஒங்களை விட்டா எனக்கு யாரு தம்பி?" என்றார். நான்தான் முடியாது என்றேன். தண்ணி காட்டி, ஒரு கட்டு வைக்கோல் கொடுத்துத் திருப்பி அனுப்பினோம். அன்றைக்கு ராத்திரி எனக்குச் சோறு இறங்கவில்லை. ஆனாலும் அது சரி என்றுதான் இன்றும் சொல்வேன். இருபது மாட்டுத் தீவனத்தை முப்பது மாட்டுக்குப் பங்கிட்டால் முப்பதும் பட்டினி. கோமாரி ஒன்றுக்கு வந்தால் அவ்வளவுக்கும் வரும்.

அந்தக் காளைக்கு வேண்டியது இன்னும் பெரிய காப்பகம் இல்லை. அந்தப் பெரியவர் ஊரிலேயே மூன்று வீடு. ஆட்டையும் மாட்டையும் வாரத்துக்கு விடும் வழக்கம் நமக்குப் புதுசா? வளர்ப்பவருக்கும் உடையவருக்கும் ஈற்றில் பங்கு. காளைக்கு ஈற்று இல்லை, சாணி இருக்கிறது. அதையே பங்காக வைத்து மூன்று பேர் ஒரு மாட்டைச் சுமக்கலாம். இரண்டு காளைகளை இப்படிக் கொட்டகையை விட்டு அனுப்பியிருக்கிறோம். ஒன்று நன்றாக இருக்கிறது. இன்னொன்று பங்காளிச் சண்டையில் எங்களிடமே திரும்பி வந்துவிட்டது, அதையும் மறைக்க வேண்டியதில்லை.

சம்பா அறுவடை நெருங்குகிறது. கட்டு கட்டும் மிஷின் உங்கள் வயலில் இறங்கும்போது, வியாபாரிக்கு விலை பேசும் முன்பே பத்துக் கட்டை உங்கள் பக்கத்துக் காப்பகத்தின் பேரில் ஒதுக்கிப் போடுங்கள், எந்த ஊரானாலும் சரி. எங்கள் ஊர்ப் பக்கம் இருப்பவர்களுக்கு: செவ்வாய்க்கிழமை காலை முறைக்கு இன்னும் ஆள் வரவில்லை. ஐந்தரை மணிக்குக் கதவைத் திறப்போம்.