எழும்ப விடுங்கள்

இடுப்பெலும்பு முறிந்து அறுவை சிகிச்சை முடிந்த முதியவர் கட்டில் கம்பியைப் பிடித்து எழும்பப் பார்க்கிறார். "பாட்டா, எழும்பாண்டாம், படுங்க" என்று சிஸ்டர் ஓடிவருகிறார். குமரி மாவட்டக் குழித்துறை வட்டாரத்தில் முதியவரோடு ஆஸ்பத்திரியில் தங்கியவர்களுக்குப் பழக்கமான காட்சி இது. சொல்வது அக்கறையில்தான். ஆனால், நடக்கலாம் என்று மருத்துவர் சொன்ன பிறகும் அதே பேச்சு நீடித்தால் முதியவர் முடங்கிப்போவார்.

படுக்கை ஓய்வு இலவசமல்ல. நல்ல உடல்நிலையில் இருந்த முதியவர்களே பத்து நாள் படுத்திருந்ததில் கால்களில் ஏறக்குறைய ஒரு கிலோ தசையை இழந்ததாக 2007-இல் அமெரிக்க மருத்துவச் சங்க இதழில் வெளியான ஆய்வு காட்டியது. படுக்கைப் புண், நெஞ்சுச் சளி, காலில் ரத்த உறைவு எல்லாம் பின்னாலேயே வரும்.

"நடக்க வைப்பது பிசியோதெரபிஸ்ட் வேலை" என்பது செவிலியர் தரப்பின் பதில். ஆனால், பிசியோதெரபிஸ்ட் நோயாளியுடன் இருப்பது அரை மணி நேரம். மீதி நேரமெல்லாம் செவிலியரின் கண்ணெதிரே. கழிப்பறைக்கு வாக்கரில் போவதா, பெட்பேனா? நாற்காலியில் அமர்ந்து கஞ்சி குடிப்பதா, படுத்தபடியே பிறர் ஊட்டிவிடுவதா? இவற்றை முடிவு செய்வது செவிலியர் சொல்லும் ஒரு வார்த்தை.

அதற்காகப் பழியை அவர் தலையில் மட்டும் கட்டுவது அநியாயம். பொது மருத்துவமனையில் ஐந்து நோயாளிக்கு ஒரு செவிலியர் என்கிறது இந்திய நர்சிங் கவுன்சில் வரையறை. இரவுப் பணியில் ஒரு வார்டையே ஒருவர் பார்க்கும் நிலையில், முதியவரைக் கைத்தாங்கலாக நடத்த நேரம் ஏது? முதியவர் விழுந்துவிட்டால் உறவினர் கூச்சல், மேலிடத்து விளக்கக் கடிதம். படுக்கவைத்ததால் கால் சூம்பிப்போனாலோ யாரும் கேள்வி கேட்பதில்லை. இந்தக் கணக்கு மாறாமல் மனப்பான்மை மட்டும் மாறாது.

2011 கணக்கெடுப்பிலேயே தமிழக மக்களில் 10.4 விழுக்காட்டினர் அறுபதைக் கடந்தவர்கள். பிள்ளைகள் வளைகுடாவிலும் கேரளத்திலும் இருக்க, தனித்து வாழும் பெற்றோர் குமரி மாவட்டத்தில் ஏராளம். வீடு திரும்பியதும் தானே கழிப்பறைக்குப் போக முடியாதவர்களின் கதி என்ன? 2021-இல் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டம் இயன்முறை சிகிச்சையை வீட்டுக்கே கொண்டுவருவது நல்லதுதான். ஆனால், வார்டில் இழந்த பலத்தை வீட்டில் மீட்பது கடினம்.

மருந்துக் குறிப்பைப் போலவே, "இன்று எத்தனை முறை எழுப்பி உட்காரவைத்தோம், எவ்வளவு தூரம் நடந்தார்" என்பதும் கேஸ் ஷீட்டில் ஏற வேண்டும். மருத்துவர் அனுமதித்து, முறைப்படி நடத்தும்போது நோயாளி விழுந்தால் செவிலியரைத் தண்டிக்கக் கூடாது. காலிப் பணியிடங்களை நிரப்ப வேண்டும். கூடத் தங்கும் உறவினருக்கு வாக்கர் பிடிக்கக் கற்றுக்கொடுக்க வேண்டும். இவற்றில் முதல் இரண்டுக்குப் பணச் செலவே இல்லை. ஓர் உத்தரவு போதும். சுகாதாரத் துறை அதை உடனே பிறப்பிக்கட்டும்.