சிறு எந்திரம் கற்பிக்கும் பாடம்

விடுமுறை நாட்களில் வீட்டுப் பின்கட்டில் அமர்ந்து, உள்ளங்கையளவு நீராவி எந்திரம் ஒன்றைச் செய்து வருகிறேன். உருளை தானே அசைந்து நீராவித் துளைகளைத் திறந்து மூடும் எளிய வகை அது. "பட்டதாரிக்கு இஃதென்ன பிள்ளை விளையாட்டு?" என நண்பர் சிலர் நகைத்தனர். விளையாட்டன்று என்பதே என் கருத்து.

1763-64இல் கிளாஸ்கோ பல்கலைக்கழகத்திலிருந்த நியூகமன் எந்திரத்தின் சிறு மாதிரி ஒன்றைப் பழுதுபார்க்க ஜேம்ஸ் வாட்டிடம் ஒப்படைத்தனர். சிறிது இயங்கியதும் அது நின்றுவிடும். உருளையைக் குளிர்வித்து மீண்டும் சூடாக்குவதிலேயே நீராவியின் பெரும்பகுதி வீணாவதை அவர் கண்டார். நீராவியைத் தனிக் கலத்தில் குளிர்விக்கும் வழி 1765இல் அவருக்குத் தோன்றியது. பின்னாளில் நூலாலைகளை ஓட்டிய வாட்டின் எந்திரத்துக்கு அச்சிறு மாதிரியே வித்து.

என் செப்புக் கொதிகலத்தை வெள்ளிப் பற்றாசு கொண்டு இணைத்தேன். கண்ணுக்குக் குறையொன்றும் தென்படவில்லை. எனினும் நெருப்பிடுமுன், காற்றுப் புகாது நீர் நிரப்பி, வேலை அழுத்தத்தைப்போல் இருமடங்கு ஏற்றினேன். மூட்டொன்றில் நீர் கசிந்தது. நீர் கசிந்தால் தரை நனையும். அடைபட்ட நீராவி வெடித்தாலோ அருகில் நிற்கும் குழந்தைக்கு ஆபத்து. தணிக்கை என்பது குற்றங் காண்பதற்கன்று, காப்பதற்கே என்பதைக் கணக்கேடுகளினும் அம்மூட்டே எனக்கு நன்கு உணர்த்திற்று.

சங்கங்கள் பொதுவில் ஒரு சிறு கடைசல் எந்திரம் வாங்கி, தேர்ந்த கம்மியர் மேற்பார்வையில் நெசவாளர், உழவர் மக்கள் இத்தொழிலைப் பழக வகை செய்தல் வேண்டும். தன் கையால் எந்திரம் செய்தவன் எந்த எந்திரத்தின் முன்னும் மிரண்டு நில்லான்.