கல்லும் நீரும்: காங்கேசன்துறைத் திட்டங்களும் காலம் பிந்திய மதிப்பீடும்

காங்கேசன்துறைச் சீமெந்துத் தொழிற்சாலை 1950 ஆம் ஆண்டு உற்பத்தியைத் தொடங்கியபோது அது வடபகுதியின் பெருமையாகப் போற்றப்பட்டது. டி. எஸ். சேனநாயக்காவின் அமைச்சரவையில் கைத்தொழில் அமைச்சராக விளங்கிய ஜீ. ஜீ. பொன்னம்பலத்தின் பெயரோடு, பரந்தன் இரசாயனத் தொழிற்சாலையையும் வாழைச்சேனைக் காகித ஆலையையும் போலவே, இத்தொழிற்சாலையும் சேர்த்துப் பேசப்படுவது வழக்கம். களிமண் முருங்கனிலிருந்து புகையிரதத்தில் வந்தது. சுண்ணக்கல்லோ காலடியிலேயே கிடைத்தது. நாற்பது ஆண்டுகள் அத்தொழிற்சாலை பல குடும்பங்களுக்குச் சோறிட்டது. 1990 யூனில் மீண்டும் மூண்ட போர் அதன் இயந்திரங்களை நிறுத்திற்று. இன்று அங்கே எஞ்சியிருப்பவை பாழடைந்த கட்டடங்களும், கல்லகழ்ந்த பெரும் பள்ளங்களுமே. தொழிற்சாலை போயிற்று; அது தோண்டிய பள்ளம் போகவில்லை.

கல்லை அகழத் தொடங்கியோர் எவ்வளவு கல் உண்டு, அது எத்தனை ஆண்டுகளுக்குப் போதும் என்று கணக்கிட்டனர். அக்கல் மண்ணுக்குள் வேறு எந்தத் தொழிலைச் செய்துகொண்டிருக்கின்றது என்ற கேள்வி அன்றைய திட்டமிடலில் முதலிடம் பெற்றதில்லை. அக்காலத்தவரை இதற்காக மட்டும் குற்றஞ் சாட்டுதல் நியாயமாகாது. அரசாங்க நடவடிக்கைகளின் சுற்றாடல் விளைவுகளை முன்கூட்டியே ஆராய்ந்து எழுதவேண்டுமெனக் கட்டளையிட்ட முதற் பெருஞ் சட்டம் ஐக்கிய அமெரிக்காவில் கையொப்பமிடப்பட்டதே 1970 சனவரி முதலாந் திகதியன்றுதான். ஆனால், அந்தக் கேள்வியை இன்றும் கேளாமல் விடுவோருக்கு அத்தகைய மன்னிப்புக் கிடையாது.

யாழ்ப்பாணக் குடாநாட்டில் வற்றாத ஆறு ஒன்றேனும் இல்லை. மாரியில் மட்டும் ஓடும் வழுக்கையாற்றையே ஆறென்று சொல்லிக்கொள்ளும் நிலம் இது. ஐப்பசி தொடங்கி மார்கழிவரை பெய்யும் வடகீழ்ப் பருவமழை செம்மண்ணூடாக இறங்கிச் சுண்ணக்கற் பாறையின் வெடிப்புகளிலும் குகைகளிலும் தங்குகின்றது. அதுவே கிணற்று நீர், அதுவே வெங்காயம், மிளகாய், புகையிலை ஆகியவற்றின் உயிர், அதுவே குடிநீர். பாறைக்குள் தங்கும் இந்த நன்னீர், அடியிலுள்ள உவர் நீரின்மேல் ஒரு வில்லை போல மிதக்கின்றது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் ஒல்லாந்தரான கைபனும், 1901 இல் ஜெர்மானியரான ஹேர்ஸ்பேர்க்கும் தனித்தனியே கண்ட விதியின்படி, கடல் மட்டத்துக்கு மேலே ஓரடி நன்னீர் நின்றால் கீழே ஏறத்தாழ நாற்பதடி நன்னீர் நிற்கும். இதன் மறுபக்கமே அச்சத்துக்குரியது. மேலே ஓரடி குறைந்தால், காலப்போக்கில் கீழிருந்து உவர் நீர் நாற்பதடி ஏறிவர இடமுண்டு. நிலாவரைக் கிணற்றின் ஆழத்தில் நீர் உவர்ப்பதும், கீரிமலையில் கடலின் ஓரத்திலேயே நன்னீர் ஊறுவதும் இந்த உண்மையின் கண்கண்ட சாட்சியங்களாகும்.

ஆகவே, காங்கேசன்துறையின் சுண்ணக்கல்லுக்கு இரு முகங்கள் உண்டு. ஆலை முதலாளிக்கு அது மூலப்பொருள். கமக்காரனுக்கோ அது நீர்த்தொட்டி. தொட்டியை உடைத்து விற்றுவிட்டு அதிலிருந்து தண்ணீரும் அள்ள எவராலும் இயலாது. தொட்டிக்குள் கழிவெண்ணெயை ஊற்றிவிட்டு அதே நீரைக் குடிக்கவும் இயலாது. இவ்விரு பயன்களுள் எதற்கு எவ்விடத்தில் முதன்மை என்பதைத் தனியொரு தொழிற்சாலையின் விண்ணப்பப் பத்திரத்தில் வைத்துத் தீர்மானித்தல் கூடாது. அது பிரதேசம் முழுவதற்குமான கேள்வி.

இக்கேள்வி இன்று அவசரமாகியிருப்பதற்குக் காரணம் உண்டு. 1990 இல் அற்றுப்போன புகையிரத சேவை 2015 சனவரியில் காங்கேசன்துறை வரை மீண்டது. பலாலி விமான நிலையம் 2019 ஒக்ரோபரில் சர்வதேச நிலையமாகத் திறக்கப்பட்டது. துறைமுகத்தில் மூழ்கிக் கிடந்த கப்பல்கள் இந்திய உதவியுடன் அகற்றப்பட்டன. 2023 ஒக்ரோபர் 14 இல் நாகபட்டினத்துக்கும் காங்கேசன்துறைக்குமான பயணிகள் கப்பற் சேவை தொடக்கி வைக்கப்பட்டது. இவற்றோடு கைத்தொழில் வலயம் பற்றிய திட்டமும் பேசப்பட்டு வருகின்றது. மறுபுறம், உயர் பாதுகாப்பு வலயத்துள் அகப்பட்டிருந்த வலிகாமம் வடக்குக் காணிகள் கட்டங் கட்டமாக விடுவிக்கப்பட, மக்கள் மீண்டுவந்து தூர்ந்த கிணறுகளை இறைத்து வீடு கட்டுகின்றனர். துறைமுகம், வலயம், விடுதி, வீடு, தோட்டம் ஆகிய அனைத்தும் ஒரே பாறைக்குள் வாளியை இறக்கப் போகின்றன. ஆயினும் ஒவ்வொன்றும் தனித்தனிக் கோவையாகத் தனித்தனிக் கந்தோரில் கிடக்கும்.

இலங்கையின் சட்டம் இந்தக் குறையைத் தீர்த்துவிட்டதென்று சிலர் நம்புகின்றனர். 1980 ஆம் ஆண்டின் 47 ஆம் இலக்கத் தேசிய சுற்றாடல் சட்டமும், அதனைத் திருத்திய 1988 ஆம் ஆண்டின் 56 ஆம் இலக்கச் சட்டமும் பயனுடையவை என்பதை மறுப்பதற்கில்லை. 1993 இல் வர்த்தமானியில் வகுத்துரைக்கப்பட்ட செயற்றிட்டங்கள் சுற்றாடல் தாக்க மதிப்பீட்டுக்கு உட்பட்டே அங்கீகாரம் பெற வேண்டும். மதிப்பீட்டு அறிக்கையைப் பார்வையிட்டுக் கருத்துரைக்கப் பொதுமக்களுக்கு முப்பது நாள் அவகாசமும் உண்டு. ஆயின், இம்முறை செயற்றிட்டத்தை மட்டுமே நோக்குகின்றது. இடம் தெரிவாகி, முதலீட்டாளர் வந்து, அடிக்கல் நாட்ட நாளுங் குறித்த பின்னரே மதிப்பீட்டாளர் அழைக்கப்படுகின்றார். அப்போது அவரால் புகைபோக்கியை இன்னும் உயர்த்துமாறு கூறலாம். கழிவுநீர்த் தொட்டிக்குச் சீமெந்து பூசுமாறு கூறலாம். இத்தொழில் இப்பாறையின்மேல் வரத்தான் வேண்டுமா என்று கேட்கும் காலம் அதற்குள் கடந்துவிடுகின்றது. தாலி கட்டிய பின்னர் சாதகப் பொருத்தம் பார்ப்பதற்கு ஒப்பானது இது.

இன்னுமொரு குறையும் உண்டு. பத்துத் தொழிற்சாலைகள் தனித்தனியே விண்ணப்பித்தால், தான் இறைக்கும் நீர் சொற்பம், தன்னால் நேரும் தாக்கம் அற்பம் என்று ஒவ்வொன்றும் எழுதிக் காட்டும். ஒவ்வோர் அறிக்கையும் உண்மையாகவே இருக்கலாம். ஆனால் பத்தையும் ஒரே மேசையில் வைத்துக் கூட்டிப் பார்க்கும் கடமையை அம்முறை எவர்மீதும் உறுதியாகச் சுமத்துவதில்லை. கிணறு மட்டும் தவறாமல் கூட்டிப் பார்க்கும்.

கூட்டிப் பாராமையின் பயனைக் காணத் தூரதேசம் செல்ல வேண்டியதில்லை. காங்கேசன்துறை வீதியில் யாழ்ப்பாண நகர் நோக்கி வருவோர் தெல்லிப்பழையையும் மல்லாகத்தையும் கடந்தால் சுன்னாகத்தை அடைவர். அங்கே கிணற்று நீரில் எண்ணெய் மிதந்த செய்தி 2015 அளவில் நாடெங்கும் பேசப்பட்டது. வழக்கு உயர் நீதிமன்றம் வரை சென்றது. தனியார் மின்னுற்பத்தி நிறுவனமொன்றின் செயற்பாட்டால் நிலத்தடி நீர் மாசுற்றதெனக் கண்ட நீதிமன்றம், பாதிக்கப்பட்டோருக்கு இரண்டு கோடி ரூபா நட்டஈடு வழங்குமாறு 2019 ஏப்பிரலில் தீர்ப்பளித்தது. நீதி வென்றது உண்மையே. ஆயினும், சுண்ணக்கல்லின் வெடிப்புகளுக்குள் இறங்கிய எண்ணெயை மீள அள்ளித் தரும் வல்லமை எந்தத் தீர்ப்புக்கும் இல்லை. செறிந்த குடிமனைகளும் தோட்டங்களும் நகரத்துக்கு நீர் வழங்கும் கிணறுகளும் சூழ்ந்த இடத்தில், நுண்துளைப் பாறையின்மேல், எண்ணெயால் இயங்கும் மின்னிலையத்தை வைக்கலாமா என்பது திட்டமிடும் மேசையில் கேட்டிருக்கவேண்டிய கேள்வி. அது நீதிமன்ற மேசைக்கு வந்தபோது கிணறுகள் கெட்டுவிட்டன.

திட்டமிடும் மேசையிலேயே அக்கேள்வியைக் கேட்கச் செய்யும் முறைக்குத்தான் தந்திரோபாய சுற்றாடல் மதிப்பீடு என்று பெயர். பெயர் பெரிது, பொருள் எளிது. தனியொரு கட்டடத்தை விடுத்து, கொள்கையையும் திட்டத்தையும் நிகழ்ச்சித்திட்டத்தையும் அவை உருவாகும்போதே அது ஆராய்கின்றது. மாற்று வழிகளை ஒப்பிடுகின்றது. எல்லாத் தாக்கங்களையும் ஒருங்கு கூட்டுகின்றது. மக்களை முன்னரே அழைத்துக் கேட்கின்றது. பின்னர் நடந்ததைக் கண்காணிக்கின்றது. ஐரோப்பிய ஒன்றியம் 2001 இல் இதனைப் பணிப்புரையாக விதித்தது. 2003 இல் கீவ் நகரில் இதற்கெனச் சர்வதேச உடன்படிக்கையொன்று கையொப்பமிடப்பட்டது. பொருளாதார ஒத்துழைப்பு மற்றும் அபிவிருத்திக்கான அமைப்பு 2006 இல் விரிவான வழிகாட்டி நூலை வெளியிட்டது. அதே 2006 இல், கொள்கைகளும் திட்டங்களும் இத்தகைய மதிப்பீட்டுக்கு உட்படவேண்டுமென இலங்கை அமைச்சரவையும் தீர்மானித்தது.

அதற்கும் மேலாக, போர் முடிந்தபின் வட மாகாணம் முழுவதற்குமே ஒருங்கிணைந்த தந்திரோபாய சுற்றாடல் மதிப்பீடொன்று நடத்தப்பட்டது. மத்திய சுற்றாடல் அதிகார சபையும் அனர்த்த முகாமைத்துவ நிலையமும், ஐக்கிய நாடுகள் நிறுவனங்களின் துணையோடு, ஐந்து மாவட்டங்களின் காடு, நீர், கனிமம், தொல்லியல், அபிவிருத்தித் தேவை ஆகியவற்றின் வரைபடங்களை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து, எது எங்கே பொருந்தும், எது எங்கே மோதும் என்று காட்ட முயன்றன. அறிக்கை 2014 இல் வெளிவந்தது. ஆகவே, வழிகாட்டி இல்லை என்ற சாட்டு எடுபடாது. ஆனால் 2006 இல் வந்தது சட்டப் பிரிவு அன்று, தீர்மானம். 2014 இல் வந்தது கட்டளை அன்று, ஆலோசனை. மீறினால் எவரும் வழக்காட இயலாத ஆலோசனை அலுமாரிக்கே அழகு சேர்க்கும்.

இதற்கு எதிராகக் கூறப்படுவனவற்றையும் நோக்குதல் வேண்டும். போரால் முப்பது ஆண்டுகளை இழந்த மக்களுக்கு வேலை வேண்டும்; மதிப்பீடு என்ற பெயரில் இன்னும் தாமதிப்பது கொடுமை என்பது முதலாவது வாதம். இதில் உண்மை உண்டு. தொழிலின்றிக் கப்பலேறும் இளைஞனுக்கு நிலத்தடி நீர் பற்றி உபதேசிப்பது எளிதன்று. ஆனால், தாமதத்தைப் பெருக்குவது எது? சுன்னாகத்தில் மதிப்பீடு அன்றி, வழக்கே ஆண்டுக் கணக்கில் இழுத்தது. எங்கே தொழிற்சாலை வரலாம், எங்கே வரக்கூடாது என்று முன்னரே தெளிவாக வகுத்த வலயத்தில் முதலீட்டாளருக்கும் ஐயம் குறையும். ஊருக்கும் அச்சம் குறையும். மேலும், நீர் கெட்டால் ஆலையின் நூறு வேலைகளுக்காகத் தோட்டத்தின் ஆயிரம் வேலைகள் அழியலாம். அவ்வாயிரம் பேரின் பெயர்கள் எந்தச் சம்பளப் பட்டியலிலும் இல்லாமையால் அவ்விழப்பு எவர் கணக்கிலும் ஏறுவதில்லை.

கமக்காரரே பசளையைக் கொட்டி நீரைக் கெடுக்கின்றனர் என்பது இரண்டாவது வாதம். வலிகாமத்துக் கிணறுகள் பலவற்றில் நைத்திரேற்று அளவு கடந்திருப்பது ஆய்வாளர் பலகாலம் சொல்லிவரும் செய்தியே. ஆனால் இவ்வாதம் தன்னையே முறியடிக்கின்றது. பாறை ஏற்கெனவே பாரம் தாங்குகின்றதென்றால், புதிய பாரத்தை ஏற்றுமுன் மொத்தத்தை நிறுத்துப் பார்க்கவேண்டும் என்பதே அதன் முடிவு. தோட்டத்தையும் அம்மதிப்பீடு விலக்கிவிடலாகாது.

இது மேனாட்டார் பாணி என்பது மூன்றாவது வாதம். கிணறு தோண்டுமுன் நிலம் பார்ப்பதும், மலசல கூடத்தைக் கிணற்றுக்கு எட்ட வைப்பதும் இவ்வூரார் எந்த மேனாட்டாரிடமும் கற்றதன்று.

இனி வேண்டியன எவை? முதலாவது, சட்டம். ஒரு வலயத்துக்கான மொத்த மதிப்பீடு முடியுமுன் அங்கே ஒரு துண்டு நிலமும் குத்தகைக்கு விடலாகாது என்ற விதி தேசிய சுற்றாடல் சட்டத்திலேயே இடம்பெற வேண்டும். இரண்டாவது, சுயாதீனம். திட்டத்தை வரைபவரே மதிப்பீட்டுக்கும் புள்ளியிடலாகாது. நெதர்லாந்தில் மதிப்பீடுகளின் தரத்தைப் பரிசீலிக்கத் தனி ஆணைக்குழு இயங்குவது போல இங்கும் ஒன்று வேண்டும். மூன்றாவது, மொழி. மாவிட்டபுரத்துக் கமக்காரனும் மயிலிட்டி மீனவனும் வாசித்து மறுத்துரைக்கக்கூடிய தமிழில், பிரதேச செயலகத்திலும் வாசிகசாலையிலும் அறிக்கை கிடைக்கவேண்டும். புரியாத மொழியில் கேட்கப்படும் கருத்து, கேட்கப்படாத கருத்தேயாகும்.

நான்காவது, தரவு. இங்கே குற்றப் பத்திரம் பல்கலைக்கழகத்தின் வாசலுக்கும் வரும். மாரிக்கு முன்னும் பின்னும் கிணறுகளின் நீர்மட்டத்தையும் உவர்ப்பையும் ஆண்டுதோறும் தவறாது அளந்து பொதுமக்கள் முன் வைப்பதற்குப் பெரும் பணம் தேவையில்லை. அளவு நாடாவும் எளிய கருவியும் பொறுமையுமே தேவை. புவியியல் மாணவரும் விஞ்ஞான மாணவரும் ஊர்ப் பாடசாலைகளோடு கைகோத்தால், பத்தாண்டுகளில் எந்த அமைச்சும் தட்டிக்கழிக்க இயலாத சான்று கையிலிருக்கும். பட்டத்துக்காக ஒருமுறை அளந்து, கட்டிய ஆய்வேட்டை நூலகத் தட்டில் உறங்கவிடும் கல்வி, அறிக்கையை அலுமாரியில் உறங்கவிடும் நிர்வாகத்தைக் குறை கூறும் தகுதியை இழந்துவிடுகின்றது.

காங்கேசன்துறையில் தொழில் வேண்டாமென்று எவரும் கூறார். துறைமுகமும் புகையிரதமும் கையெட்டும் தூரத்தில் இருக்க, நீரை அதிகம் உண்ணாத, கல்லை அகழாத, கழிவை மண்ணுக்குள் விடாத தொழில்கள் எத்தனையோ உள. எவை அவை, எத்தனை அவை, எங்கே அவை என்று சொல்லும் மதிப்பீடு முதலில் வரட்டும். அடிக்கல் பின்னர் வரட்டும். பழைய கற்குழியின் விளிம்பில் நின்று அந்த வரிசையை மாற்ற முனைபவர் யாராயினும், குழியின் அடியில் தேங்கிநிற்கும் நீரை ஒருமுறை குனிந்து பார்த்துவிட்டுப் பேசுவாராக.