மைட்டோகாண்ட்ரியாவுக்கு இரண்டு மார்க் போதுமா?

"மைட்டோகாண்ட்ரியா என்றால் என்ன?" பாலக்கோடு, அரூர், பென்னாகரம்... தர்மபுரி மாவட்டத்தில் எந்தப் பள்ளிக்கூட வாசலில் நின்று கேட்டாலும் ஒரே பதில்தான் வரும்: "செல்லின் ஆற்றல் நிலையம்." இரண்டு மார்க். கதை முடிந்தது.

பதில் தப்பில்லை. ஆனால் பாதிதான். மீதிப் பாதி இன்னும் சுவாரஸ்யமானது: மைட்டோகாண்ட்ரியாவின் மூதாதை, தனியாக வாழ்ந்து கொண்டிருந்த ஒரு பாக்டீரியா. 1967-ல் லின் மார்குலிஸ் இதை விரிவாக எழுதியபோது பலரும் நம்பவில்லை. இன்று சான்றுகள் குவிந்து கிடக்கின்றன. அதற்கென்று தனி டி.என்.ஏ. உண்டு, மனிதனில் 37 மரபணுக்கள். புரதம் தயாரிக்கத் தனி ரைபோசோமும் உண்டு.

"இதெல்லாம் யாரோ வெள்ளைக்காரன் சொன்ன கதை" என்று உதறுபவர்களுக்காக ஒரு தகவல். இதற்கு ஒரு அழகான சோதனை நடந்தது தர்மபுரியிலிருந்து பஸ்ஸில் சில மணி நேரம் போனால் வரும் பெங்களூரில்!

பாக்டீரியா ஒரு புரதத்தைக் கட்ட ஆரம்பிக்க மூன்று உதவிப் புரதங்கள் தேவை. ஐ.எஃப்.1, ஐ.எஃப்.2, ஐ.எஃப்.3. தமிழில் தொடக்கக் காரணிகள் எனலாம். பாலூட்டிகளின் மைட்டோகாண்ட்ரியாவில் இரண்டாவதும் மூன்றாவதும் உண்டு. முதலாவது மட்டும் தேடியும் கிடைக்கவில்லை. அப்படியானால் அதன் வேலையை யார் பார்ப்பது?

இந்திய அறிவியல் கழகத்தில் உமேஷ் வர்ஷ்னியின் ஆய்வகம், அமெரிக்காவின் லிண்டா ஸ்ப்ரெமுல்லி உள்ளிட்டோருடன் சேர்ந்து 2008-ல் 'மாலிகுலர் செல்' இதழில் பதில் சொன்னது. ஈ.கோலை பாக்டீரியாவின் சொந்த ஐ.எஃப்.2 மரபணுவை நீக்கிவிட்டு, மாட்டு மைட்டோகாண்ட்ரியாவின் ஐ.எஃப்.2-ஐக் கொடுத்தார்கள். பாக்டீரியா பிழைத்தது. பிறகு ஐ.எஃப்.1-ஐயும் எடுத்துவிட்டார்கள். அப்போதும் பிழைத்தது! மாட்டுப் புரதத்தில் கூடுதலாக இருக்கும் 37 அமினோ அமிலத் துண்டுதான் அந்த வேலையைப் பார்த்தது. அந்தத் துண்டை வெட்டிவிட்டால் ஐ.எஃப்.1 மறுபடியும் கட்டாயமாகிவிடுகிறது.

நூறு கோடி ஆண்டுகளுக்கும் மேலாகப் பிரிந்திருந்த இரண்டு வண்டிகள். ஒன்றின் உதிரிபாகம் இன்னொன்றில் மாட்டியதும் ஓடுகிறது. உறவுக்கு இதைவிட நல்ல அடையாளம் வேண்டுமா?

ஆனால் நீட்டுக்குப் படிக்கிற மாணவன் மனப்பாடம் செய்வது "மைட்டோகாண்ட்ரியாவில் 70எஸ் ரைபோசோம்" என்ற ஒரே வரியைத்தான். அந்த மாணவனின் உடம்பில் இருப்பதோ 55எஸ்! பாலூட்டிகளில் அது அப்படி மாறிப்போய்விட்டது. தன் உடம்பைப் பற்றியே பொருந்தாத விடையை எழுதி மார்க் வாங்குவதற்குப் பெயர் படிப்பா?

அடுத்து அந்தப் பிரபலமான கேள்வி வரும்: "சரி, இதனால் யாருக்கு என்ன லாபம்?"

மருந்துக்கு மசியாத காசநோய்க்கு லினெசோலிட் மாத்திரை கொடுக்கிறார்கள். அது பாக்டீரியாவின் ரைபோசோமை முடக்குகிறது. மைட்டோகாண்ட்ரியாவின் ரைபோசோமும் அதற்குச் சொந்தக்காரன் ஆயிற்றே... அதுவும் ஓரளவு மாட்டிக்கொள்கிறது. மாதக்கணக்கில் சாப்பிடும்போது சிலருக்கு ரத்தசோகை, கால் மரத்துப்போவது, பார்வை மங்குவது எல்லாம் வருவது இதனால்தான். மைட்டோகாண்ட்ரிய டி.என்.ஏ.வில் 1555-ஆம் இடத்தில் ஒரே ஒரு எழுத்து மாறியிருந்தால், ஸ்ட்ரெப்டோமைசின் வகை ஊசிகளால் காது கேட்காமல் போகும் ஆபத்து அதிகம். அந்த மாற்றம் தாய்வழியாகக் குடும்பத்தில் இறங்குகிறது. பாக்டீரியாவின் இயந்திரமும் உடம்பின் இயந்திரமும் எங்கே ஒத்துப்போகின்றன, எங்கே பிரிகின்றன என்று தெரிந்தால்தான் கிருமியை மட்டும் அடிக்கும் மருந்தைத் தேட முடியும். ஐ.எஃப்.1 பாக்டீரியாவில் இருக்கிறது, மைட்டோகாண்ட்ரியாவில் இல்லை என்பது அப்படிப்பட்ட ஒரு வித்தியாசம். லாபம் போதுமா?

தர்மபுரி மாணவர்களுக்கு மூளை குறைவில்லை. அவர்களிடம் கேட்கப்படும் கேள்விதான் குறைவானது. "மைட்டோகாண்ட்ரியா என்றால் என்ன?" என்பதற்குப் பதிலாக "அது பாக்டீரியாவின் வாரிசு என்று எப்படித் தெரியும்?" என்று கேட்டுப் பாருங்கள். ஐந்து மார்க்கே கொடுக்கலாம். விடையை ஒப்பிக்க முடியாது, யோசித்தாக வேண்டும். ஒருவேளை அதனால்தான் யாரும் கேட்பதில்லையோ என்னவோ!