முன்கதை மன்னிப்புச் சீட்டாகுமோ?

இற்றைநாள் தொலைக்காட்சித் தொடர்களைப் புகழ்வோர் வாயில் இரண்டு செய்திகள் ஓயாது ஒலிக்கக் கேட்கிறோம். ஒன்று, பாத்திரத்தின் முன்கதை. மற்றொன்று, நல்லவன் தீயவன் என்று வகுத்துரைக்க ஒண்ணாத குணச்சித்திரம். இவ்விரண்டும் அமைந்த படைப்பே உயர்ந்தது, அமையாதது சிறுபிள்ளைக் கதை என்பது அவர்தம் தீர்ப்பு. நம் சங்கத்து இளைஞர் இதனை உரைக்க, மூத்தோர் சிலரும் வழிமொழிகின்றனர். பேயும் பிசாசும் உலவும் கதை என்று முகஞ்சுளிப்பவன் அல்லேன் யான். விக்கிரமாதித்தன் தோளில் வேதாளம் ஏறிய கதைகளைக் கேட்டு வளர்ந்தவனுக்கு அவ்வுரிமை ஏது? என் வழக்கு வேறு. குற்றத்தை விளக்க வந்த முன்கதையைக் குற்றத்தைக் கழுவும் நீராகப் பயன்படுத்துவது அறக்கேடு என்பதே என் வாதம்.

சான்றுக்கு, இளைஞர் பெரிதும் போற்றும் ‘கிரிம்’ என்னும் அமெரிக்கத் தொடரையே எடுத்துக்கொள்வோம். 2011 முதல் 2017 வரை ஆறு பருவங்களில் 123 பகுதிகளாக ஒளிபரப்பானது அது. ஓரிகான் மாநிலத்துப் போர்ட்லண்டு நகரில் கொலை வழக்குகளைத் துப்பறியும் நிக் என்பவன், மனித உருவில் மறைந்து வாழும் ‘வெஸ்ஸன்’ என்னும் விலங்கு மாந்தரை இனங்காண வல்ல ஒரு பரம்பரையின் வழித்தோன்றல். அவன் முன்னோர் அம்மாந்தரை வேட்டையாடித் தலைகொய்தவர்கள். இவனோ சட்டத்திற்குக் கட்டுப்பட்ட காவலன். நீதிமன்றத்தில் சொல்லவியலாத உண்மையை நெஞ்சில் சுமந்துகொண்டு ஒரு காவலன் எவ்வாறு கடமையாற்றுவான்? நல்ல கேள்வி. அக்கேள்விக்காகவே யானும் அத்தொடரைப் பார்க்கலானேன்.

மூன்றாம் பருவத்தின் தொடக்கத்தில் அக்கேள்வி உரைகல்லில் ஏறுகிறது. நஞ்சூட்டப்பட்டுத் தன்னுணர்வு இழந்த நிலையில், மதுக்கடையொன்றில் நிக் ஒரு மனிதனைக் கொன்றுவிடுகிறான். நண்பர்களும், அவனுடைய மேலதிகாரியான கேப்டன் ரெனார்டும் அதனை மூடி மறைக்கின்றனர். பின்னர் உண்மையறிந்த நிக் சரணடையத் துணிகிறான். ‘அது நீயல்லை’ என்ற வகையில் பேசி அவனைத் தடுத்துவிடுகின்றனர். அவனும் தடைப்படுகிறான். தொடர் அடுத்த வழக்கை நோக்கி நடக்கிறது. மாண்டவன் எவர்க்கு மகன், எவர்க்குத் தந்தை? நாயகனின் குலவரலாற்றையும் தாயையும் அத்தையையும் பல பகுதிகளில் விரித்துரைத்தவர்களுக்கு, அவன் கையால் இறந்தவனுக்காகச் சில நிமிடங்கள் ஒதுக்க மனம் வரவில்லை. முன்கதை யாருக்கு வழங்கப்படுகிறது, யாருக்கு மறுக்கப்படுகிறது என்று எண்ணிப் பாருங்கள். சீருடைக்கும் அரச குருதிக்கும் அது தாராளமாகக் கிடைக்கிறது. வாரந்தோறும் வந்து மடியும் வெஸ்ஸனுக்குச் சிற்சில வேளை கிடைப்பினும், அடுத்த வாரம் அது நினைக்கப்படுவதில்லை.

ரெனார்டையே காண்க. மரணப் படுக்கையிலிருந்த நிக்கின் அத்தையைக் கொல்ல ஆளனுப்பியவன் அவன் என்பது முதற் பகுதியிலேயே நமக்குத் தெரிந்துவிடுகிறது. பிறகு சொல்கிறார்கள்: அவன் ஓர் அரச குடும்பத்தின் முறைப்பிறவாத மகன், உயிருக்கு அஞ்சித் தாயோடு ஓடி ஒளிந்த சிறுவன். இரக்கம் பிறக்கிறது, பிறக்கட்டும். ஆயினும் ஐந்தாம் பருவத்தில் கொடியோர் கூட்டத்தின் துணையோடு மேயர் பதவியைத் தேடிப் போன அதே ஆள், கடைசியில் நிக்கின் பக்கம் நின்று போரிடுகையில், கணக்கு நேராயிற்று என்று நாம் கொள்ள வேண்டுமாம். அடலிண்டு என்பவள் செய்தது அதனினும் கொடிது. நிக்கின் காதலி ஜூலியட்டின் உருவை மேற்கொண்டு அவனை வஞ்சித்துக் கருவுற்றவள் அவள். பிற்பாடு அவனுக்கே இல்லத் துணையாகிறாள். எப்போது மன்னிப்புக் கேட்டாள், எவர் மன்னித்தார் என்பதைக் காட்டாமல் குழந்தையின் தொட்டிலைக் காட்டி நம் வாயை அடைக்கின்றனர்.

அலுவலகத்தில் கோப்புகளோடு காலங்கழிப்பவன் யான். அவ்வழக்கத்தில் ஒன்று சொல்வேன். ஓர் ஊழியர் மீது துறை விசாரணை நடக்குமாயின், குற்றம் மெய்ப்பிக்கப்பட்டதா என்பதை முதற்கண் பார்ப்பர். அவருடைய முந்தைய நற்பணியும் குடும்ப நிலையும் தண்டனையின் அளவை எண்ணும் கட்டத்திற்கு உரியவை. இம்முறையில் குறைகள் பல உண்டு; வரிசை மட்டும் சரியானது.

இத்தொடரில் எனக்கு மெய்யாகவே பிடித்த பாத்திரம் ஒன்றுண்டு. கடிகாரம் பழுதுபார்க்கும் மன்றோ. அவன் ஓநாய்ப் பிறவி. குருதிவெறி அவன் இயல்பு. வேட்டையாடித் திரிந்த பழைய நாட்களும் அவனுக்கு உண்டு. அவற்றை எவரிடமும் நீட்டி அவன் சலுகை கேட்பதில்லை. ஊன் துறந்து, மருந்துண்டு, உடற்பயிற்சி செய்து, அன்றாடம் தன்னைத் தானே காவல் செய்கிறான். காவல்துறைத் தொடரில் உண்மையான காவலன் சீருடையற்ற இவனே. முன்கதை ஆழந்தரும் என்பார்க்கு மன்றோவைக் காட்டி யானும் உடன்படுவேன். அவனுக்கு அது நாடோறும் செலுத்தும் கடன்.

முன்கதை உத்தி மேனாட்டார் நமக்குக் கற்பித்த புதுமை என்பாரும் உளர். இளங்கோவடிகள் கட்டுரை காதையில் அதனைக் கையாண்ட திறத்தை அவர்கள் மறந்தனரோ? கோவலன் முற்பிறப்பில் பரதன் என்னும் பெயரோடு கலிங்க நாட்டுச் சிங்கபுரத்தில் அரசன்கீழ்ப் பணி செய்தவன் (நம்மைப் போன்ற அரசு ஊழியன்தான்!). கபிலபுரத்திலிருந்து வந்த சங்கமன் என்னும் வணிகனை ஒற்றன் என்று காட்டிக்கொடுத்துக் கொல்வித்தான். சங்கமன் மனைவி நீலி பதினான்கு நாள் அலைந்து, மலையேறிச் சாபமிட்டு உயிர்விட்டாள். இம்முன்கதை காப்பிய நாயகனைக் குற்றவாளியாக்குகிறது. மாண்டவனுக்குப் பெயர் தருகிறது, அவன் மனைவிக்குக் குரல் தருகிறது. அதனை மதுராபதித் தெய்வம் உரைப்பதும் பாண்டியன் தன் பிழைக்குத் தானே தீர்ப்பளித்து உயிர்நீத்த பின்னரே. ஊழ்வினை என்னும் சால்வையை அம்மன்னன் தோளில் போர்த்தி அரியணையில் அமர்த்தி வைக்க அடிகள் எண்ணியிருந்தால் தடுத்தவர் யார்?

வாழ்வில் முழு நல்லவரும் இல்லை, முழுத் தீயவரும் இல்லை. ஆகையால் கலையும் அவ்வாறே இருக்க வேண்டும் என்று நண்பர் கூறுவர். இருக்கட்டும். ஐயத்தோடு நம்மை விட்டுச் செல்லும் கதையை யானும் விரும்புவேன். ‘கிரிம்’ நம்மை ஐயத்தோடு விடவில்லை என்பதே குறை. அதன் கடைசிக் காட்சி இருபது ஆண்டுகள் கழித்து நிகழ்வது. நிக்கின் மகன் குலத்துப் பழைய ஏடுகளைப் போன்ற ஒன்றில் எழுதிக்கொண்டிருக்கிறான். ரெனார்டின் மகள் வந்து அழைக்கிறாள். இருவரும் அடுத்த வேட்டைக்குப் புறப்படுகின்றனர். மதுக்கடையில் இறந்த மனிதனுக்கு அந்த ஏட்டில் ஒரு வரியேனும் உண்டா என்பதைத் தொடர் காட்டவில்லை.