விளம்பரந்தானே என்று விடலாமோ?

உலாவியைத் திறந்தவுடன் கேளாத பக்கமொன்று முன்னெழுந்து நிற்கின்றது; தேடிய பொருளை விடுத்து, எவரோ விற்க விரும்பும் பண்டம் திரையை நிறைக்கின்றது. “விளம்பரந்தானே, மூடிவிட்டாற் போயிற்று” என்பர் சிலர். “இலவசமாகப் பெற்றவர் பொறுத்தே ஆகவேண்டும்” என்பர் வேறு சிலர். இவ்விரு கூற்றுக்களும் பிழையானவை என்பதே எமது வாதம்.

விளம்பர மென்பொருள் பெரும்பாலும் தனித்து வருவதில்லை. எழுத்துருவையோ காணொளி இயக்கியையோ பதிவிறக்கும் மாணவனின் கணினியுள் அதனோடு ஒட்டிக்கொண்டு புகுகின்றது. நிறுவும் திரையில், ஆங்கிலத்தில், சிற்றெழுத்தில், முன்னரே குறியிடப்பட்ட கட்டமொன்று இருக்கும். பொத்தானை அழுத்தினால் அதுவே சம்மதமாம்! தோட்டத் தொழிலாளியின் கடனைத் தாளிற் குறித்து, அவனை ஒரு துரையிடமிருந்து மற்றொரு துரைக்கு மாற்றிய துண்டு முறை 1921இற் சட்டத்தால் ஒழிக்கப்பட்டது. இரண்டின் கொடுமையும் சமமென்று நாம் கூறவில்லை. ஆயினும், விளங்காத எழுத்தினால் ஒருவரைக் கட்டும் நியாயம் மலையகத்தாருக்குப் பழக்கமானதே. 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டமும் அறிந்து, சுயமாக அளிக்கப்படுவதையே சம்மதமென வரையறுத்தது.

இனி, ஆபத்து யாது? 2014இல் லெனோவோ நிறுவனம் தன் மடிக்கணினிகள் சிலவற்றில் சூப்பர்ஃபிஷ் என்னும் விளம்பர மென்பொருளை முன்கூட்டியே நிறுவி விற்றது. பாதுகாக்கப்பட்ட பக்கங்களிலும் விளம்பரம் செருகும்பொருட்டு, அது தன் சொந்தச் சான்றிதழைக் கணினியிற் பதித்தது. அக்கணினிகள் அனைத்துக்கும் திறவுகோல் ஒன்றே. 2015 பெப்ரவரியில் ஆய்வாளர் அதனை வெளிக்கொணர்ந்தனர். போலி வங்கித் தளத்தை மெய்யெனக் காட்ட அத்திறவுகோல் போதுமானதாயிருந்தது. விளம்பரத்துக்கெனத் திறந்த வாயிலாற் கள்வனும் நுழையலாம் என்பதற்கு வேறு சான்று வேண்டுமோ?

பசறை, மடுல்சீமை, நமுனுகுலை போன்ற தோட்டப் பகுதிகளில் இத்தீங்கு இரட்டிப்பாகின்றது. லயன் வீடொன்றிற் கணினி இருப்பின் அதனை அண்ணன், தங்கை, அயலார் எனப் பலரும் பயன்படுத்துவர். ஒருவர் அறியாது புகவிட்டது எல்லோருடைய கணக்குகளையும் வேவுபார்க்கும். நாட்சம்பளத்தில் மிச்சம்பிடித்து வாங்கிய டேட்டாவையும் அவ்விளம்பரங்களே தின்றுவிடுகின்றன. இலவசமென்று கூறுவோர் இச்செலவைக் கணக்கிடுவதில்லை.

கணினி தளர்ந்ததும் கடைக்குக் கொண்டுசென்று ‘போர்மட்’ செய்விப்பதே வழக்கமாயிற்று. பணமும் போகின்றது, பாடக்குறிப்புகளும் அழிகின்றன. பெரும்பாலும் இது வேண்டுவதில்லை. விண்டோஸ் அமைப்புகளிலுள்ள செயலிகளின் பட்டியலிற் சந்தேகத்துக்குரியவற்றை ஆராய்ந்து அகற்றுக. உலாவியில் வேண்டாத நீட்சிகளை நீக்குக. அறியாத தளங்களுக்கு அளித்த அறிவித்தல் அனுமதியை மீளப்பெறுக. பலருக்குத் தொல்லை தருவது இதுவே. முகப்புப் பக்கத்தையும் தேடுபொறியையும் சரிபார்த்து, தேவையாயின் உலாவியை ஆரம்ப நிலைக்கு மீட்டமைக்க. அகற்றிய நீட்சி மீண்டும் தோன்றினால், கணக்கின் ஒத்திசைவை நிறுத்திவிட்டுத் துப்புரவு செய்க. பின்னர் விண்டோஸ் டிபெண்டராலும், இலவசமாகக் கிடைக்கும் அட்வ்கிளீனராலும் சோதித்து, கடவுச்சொற்களை மாற்றுக. இவற்றை உத்தியோகபூர்வத் தளங்களிலிருந்தே பெறுதல் வேண்டும். ‘உங்கள் கணினி பழுதடைந்துள்ளது’ என அச்சுறுத்தும் விளம்பரங்கள் காட்டும் மென்பொருள் நோயே அன்றி மருந்தாகாது.

இவ்வளவும் அரைமணி நேரத்திற் கற்பிக்கத்தக்கன. எனினும் தோட்டத்து மாணவனுக்கு இவற்றைத் தமிழிற் கற்பிப்போர் எத்தனை பேர்? பயனரின் அறியாமையைப் பழித்தல் எளிது. அவ்வறியாமையை மூலதனமாக்குவோரைக் கண்டிப்பாரைக் காணோம். பதுளையிலேயே ஊவா வெல்லஸ்ஸ பல்கலைக்கழகம் இருக்கின்றது. அதன் மாணவரும் ஏனைய பல்கலைக்கழகத் தமிழ் மாணவரும் விடுமுறையில் ஒரு நாளை ஒதுக்கி, தோட்டப் பாடசாலைகளிற் செய்முறை வகுப்பு நடத்துதல் வேண்டும். விரிவுரையாளர் அதற்கொரு தமிழ்க் கைந்நூல் ஆக்கித் தருதல் வேண்டும். அடுத்த விடுமுறையிலேயே இப்பணி தொடங்கட்டும்.